ஆன்டிக் வெள்ளி நகை: நீங்க காசு குடுக்கறது வெள்ளிக்கா, கதைக்கா?

போன வாரம் வெள்ளி இடிஎஃப் வீடியோ போட்டதும் கமெண்ட்ல நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க: "பழைய ட்ரைபல் வெள்ளி நகை வாங்கி வெச்சா நல்ல இன்வெஸ்ட்மென்ட்டா? இன்ஸ்டாகிராம்ல ஆப்கான் ஆன்டிக், ராஜஸ்தானி ஆன்டிக்னு வருதே?" இதுக்கு வீடியோல பத்து நிமிஷத்துல பதில் சொல்ல முடியாது. அதனால இங்க எழுதறேன். இது என்னோட கருத்து. இதுக்காக என் கைக்காசும் கொஞ்சம் போயிருக்கு. அதையும் சொல்லிடறேன்.

2025 ஆரம்பத்துல, ஒரே மாசத்துல, எங்க வீட்ல ரெண்டு வெள்ளி வியாபாரம் நடந்துச்சு.

முதலாவது: கம்பெனில வேரியபிள் பே வந்துச்சு. வொய்ஃப் பிறந்தநாளுக்கு ஒரு ஆன்லைன் கடைல பெரிய ஹார்ட் ஷேப் பெண்டன்ட் வாங்கினேன். "120 வருஷம் பழசு, ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்த துர்க்மேன் நகை, டெக்கே இனத்தோடது, மணப்பெண்ணுக்கு காதல் சின்னமா கொடுக்கறது"ன்னு போட்டிருந்தாங்க. 84 கிராம். 16,500 ரூபாய்.

ரெண்டாவது: ஊர்ல அம்மா போன் பண்ணாங்க. "தம்பி, அப்பத்தாவோட கால் காப்பு பீரோவுல சும்மாதான கிடக்கு. பாப்பாவுக்கு கொலுசு, அரைஞாண் எடுக்கலாம்னு இருக்கேன். போட்டுறட்டா?" நான் ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன். "போடுங்கம்மா"ன்னு சொல்லிட்டேன். ஜோடி 310 கிராம். கழிவு போக 240 கிராமுக்குக் கணக்கு, அன்னிக்கு கிராம் 95 ரூபாய், 22,800 ரூபாய். கடைல வாங்கி உருக்கப் போட்டுட்டாங்க.

மூணு மாசம் கழிச்சு ஒரு சந்தேகத்துல அந்த பெண்டன்ட்டை எடுத்துட்டு தெரிஞ்ச நகைக்கடைக்குப் போனேன். மெஷின்ல வெச்சுப் பாத்தாங்க. வெள்ளி பாதிக்குப் பாதிதான். சிவப்புக் கல்லு எல்லாம் கண்ணாடி. கல்லை எடுத்துட்டா உலோகம் சுமார் 70 கிராம், அதுல சுத்த வெள்ளி 35 கிராம். "2,900 தரலாம் சார்"னாங்க. அப்போ நான் கட்டின 16,500-ல 13,600 ரூபாய் எதுக்குப் போச்சு? அந்த "120 வருஷம், டெக்கே, காதல் சின்னம்" கதைக்கு.

கோபத்துல உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல தெரிஞ்சதைத்தான் முதல்ல சொல்லப்போறேன்.

டிசைன் உண்மையிலயே ஊர் சொல்லும்

நகையோட டிசைனை வெச்சு எந்த ஊர், எந்த இனம்னு சொல்றது டுபாக்கூர் விஷயம் கிடையாது. கைத்தேர்ந்தவங்க உண்மையாவே சொல்லுவாங்க. துர்க்மேன் நகையையே எடுத்துக்குவோம்.

மத்திய ஆசியாவுல துர்க்மேன் மக்கள்ல டெக்கே, யோமுத், எர்சாரி, சாரிக்னு பல பிரிவு. டெக்கே நகைல வெள்ளித் தகடு மேல தங்க முலாம் இருக்கும். தங்கத்தைப் பாதரசத்துல கரைச்சு, வெள்ளி மேல பூசி, சூடு பண்ணுவாங்க. பாதரசம் ஆவியாப் போயிடும், தங்கம் ஒட்டிக்கும். அதனால வெள்ளியும் தங்கமும் மாறி மாறி கொடி மாதிரி ஓடும். நடுவுல தகட்டை வெட்டி எடுத்த ஓட்டை வேலைப்பாடும் வரும். மேல கார்னீலியன்ங்கற செவ்வந்திச் சிவப்புக் கல். அந்தக் கல் கெட்டதை அண்ட விடாதுன்னு அவங்க நம்பிக்கை.

யோமுத் நகை வேற மாதிரி. வெள்ளிப் பரப்பு வெறுமையா இருக்கும். அது மேல அச்சுல அடிச்ச சின்னச் சின்ன முலாம் பூசின தகடுகளைத் தனியா செஞ்சு ஒட்டியிருப்பாங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒரு தடவைல பிடிபட்டுடும்.

வடிவத்துக்கும் வேலை உண்டு. முக்கோணமும் அதுக்குக் கீழ ஒரு குழாயும் இருந்தா அது "துமார்". நம்ம ஊர் தாயத்து மாதிரி, உள்ள பிரார்த்தனை எழுதின தாள் வைக்கறது. குவிமாடம் மாதிரி தலைத் தொப்பி மேல வர்றது "குப்பா", கல்யாணம் ஆகாத பொண்ணுங்க போடறது. ரெண்டு பக்கமும் சுருண்டு வர்ற வளைவு ஆட்டுக்கிடா கொம்பு. அவங்க கம்பளத்துலயும் அதே கொம்பு வரும்.

நான் வாங்கின ஹார்ட் ஷேப்? அதுக்குப் பேர் "அசிக்". அதைக் கழுத்துல முன்னாடி தொங்க விடமாட்டாங்க. முதுகுல, பின்னின சடை மேல தொங்கும். நம்ம ஜடைநாகம் இடம்னு வெச்சுக்குங்க. வாலண்டைன்ஸ் டே ஹார்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. "காதல் சின்னம்"னு எழுதின ஆள் அந்த நகையைப் பத்தி எதுவும் தெரியாத ஆள்னு எனக்கு முன்னாடியே புரிஞ்சிருந்தா அங்கயே நின்னிருப்பேன்.

இந்தியாவுக்குள்ளயும் இப்படி அடையாளம் இருக்கு. நீலம் பச்சை எனாமல் பூசின வெள்ளின்னா ஹிமாச்சல்ல காங்ரா, மண்டி, குலு பக்கம். பெட்டி மாதிரி தாயத்துல டர்க்காய்ஸ் பதிச்சிருந்தா லடாக், திபெத் பக்கம். சின்ன வெள்ளித் தகட்டுல ரெண்டு பாதம் இருந்தா ராஜஸ்தானோட ராம்தேவ்ஜி. பாம்போட சேர்ந்து குதிரை வீரன் வந்தா கோகாஜி. முட்டை வடிவுல மூடி போட்ட வெள்ளிச் செப்பு கழுத்துல தொங்கினா, அது லிங்காயத்துகள் இஷ்டலிங்கம் வைக்கறது. கர்நாடகா, தெற்கு மகாராஷ்டிரா பக்கம் தேடணும்.

ஆனா டிசைனை யார் வேணா அடிக்கலாம்

பிரச்சனை இங்கதான் ஆரம்பிக்குது. டிசைன் சொல்றது "இந்த மாதிரி நகை இந்த ஊர்ல போட்டாங்க"ங்கறது மட்டும்தான். "உங்க கைல இருக்கற இந்த நகை அங்க, அப்போ செஞ்சது"ன்னு அது சொல்லாது. ஒரு பழைய அசிக்கை அச்சு எடுத்து வார்த்தா, எத்தனை வேணாலும் பண்ணலாம். கருப்படிச்ச பழைய லுக் வேணும்னா கந்தக மருந்துல ஒரு முக்கு முக்கினா சில நிமிஷத்துல "120 வருஷம்" வந்துடும். இன்னிக்கு ஆப்கானி, பெர்பர், நாகான்னு எந்த ஸ்டைல் கேட்டாலும் ஒரே ஊர்ல உக்காந்து செஞ்சு கொடுக்க ஆள் இருக்காங்க. அது தப்பும் கிடையாது. புதுசுன்னு சொல்லி புது விலைக்கு வித்தா நல்ல கைவேலை. பழசுன்னு சொல்லி வித்தா ஏமாத்து.

காசு கோத்த நகைல இன்னும் மோசம். ஏமன், ஓமன் நகைகள்ல மரியா தெரசா தாலர்னு ஒரு பெரிய வெள்ளிக் காசு வரும். 28 கிராமுக்கு மேல எடை, 83.3% வெள்ளி. அதுல 1780-ன்னு போட்டிருக்கும். "250 வருஷம் பழசு பாருங்க"ம்பாங்க. மேட்டர் என்னன்னா, அந்த ராணி 1780-ல செத்துப்போனாங்க. அரபு நாடு, எத்தியோப்பியா பக்கம் வியாபாரிங்க அந்தக் காசைத்தான் நம்பி வாங்கினதால, அதுக்கப்புறம் 20-ஆம் நூற்றாண்டு வரைக்கும் பல நாணயச்சாலைகள்ல அதே வருஷத்தைப் போட்டே அடிச்சாங்க. 1780-ன்னு எழுதின காசு 1950-ல அடிச்சதாவும் இருக்கலாம்.

நம்ம ரூபாய்க் காசு கொஞ்சம் நேர்மையானது. பிரிட்டிஷ் இந்தியா ஒரு ரூபாய் 11.66 கிராம். 1939 வரைக்கும் 91.7% வெள்ளி. 1940-லிருந்து 50%. 1947-ல வெறும் நிக்கல். விக்டோரியா காசுல "குயின்"னு இருந்தா 1876 வரைக்கும், "எம்ப்ரஸ்"னு இருந்தா 1877-லிருந்து. ஆனா இதுலயும் ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. 1918 காசு கோத்த மாலைன்னா அது 1918-க்கு முன்னாடி செஞ்சதா இருக்க முடியாது, அவ்வளவுதான். 2018-ல கோத்ததா இருக்கலாமே!

அப்போ எப்படிப் பாக்கறது?

நான் இப்போ அஞ்சு விஷயம் பாக்கறேன். டிசைன் அதுல ஒண்ணு, முதல் ஒண்ணு. கடைசி இல்ல.

1. டிசைனும் கதையும் ஒத்துப்போகுதா? விக்கறவர் சொல்ற இனம், போடற இடம், பேர் மூணையும் ஏதாவது மியூசியம் படத்தோட ஒப்பிடுங்க. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல துர்க்மேன் நகைக்கு தனி கண்காட்சியே 2012-ல நடந்துச்சு. அந்த நகைகள் பலதையும் அவங்க வெப்சைட்ல இலவசமாவே பாக்கலாம். பதினஞ்சு நிமிஷ வேலை. நான் அதைச் செஞ்சிருந்தா 13,600 மிச்சம்.

2. செஞ்ச முறை. முலாம்னு சொல்றது பெயின்ட்டா? ஓட்டை வேலை அரத்தால வெட்டினதா, அச்சுல வார்த்ததா? வார்ப்புன்னா ஓரம் மழுங்கி, சின்னச் சின்னக் குமிழ் இருக்கும். ஒரே மாதிரி பத்து பீஸ் அதே கடைல "யூனிக்"னு இருந்தா யோசிக்கவே வேண்டாம்.

3. தேய்மானம். நாலு பத்து வருஷம் உடம்புல கிடந்த நகை, உடம்பு படற இடத்துலதான் தேயும். பின்பக்கம், கொக்கி, வளையம் மாட்டற ஓட்டை. என் பெண்டன்ட்ல முன்பக்கம் தேய்ஞ்சிருந்துச்சு, கொக்கி ஓட்டை புத்தம் புதுசு. தேய்ச்சு விட்டவருக்கு அது தோணலை போல.

4. உலோகம். ஜெர்மன் சில்வர்ல வெள்ளி ஒரு துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். சீனாவோட மியாவ் வெள்ளின்னு விக்கறதுலயும் இதே கதை நிறைய. மெஷின்ல பாக்கும்போது ஒண்ணு கவனம், அது மேற்பரப்பைத்தான் படிக்கும். முலாம் இருந்தா தப்பா காட்டும். ரெண்டு மூணு இடத்துல பாக்கச் சொல்லுங்க.

5. யார் கைல இருந்து வந்துச்சு? பழைய போட்டோ, ரசீது, குடும்பம், ஊர். இது ஒண்ணு மட்டும் போலி பண்றது கஷ்டம். அதனாலதான் இதுக்குத்தான் நிஜமான மதிப்பு.

அஞ்சும் ஒத்து வந்தா கதைக்குக் காசு குடுக்கலாம். டிசைன் மட்டும் இருந்தா வெள்ளிக்கும் கூலிக்கும் மட்டும் குடுங்க. இதுதான் என் ரூல்.

இன்னொரு கேள்வியும் கைல வெச்சுக்குங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேல ஆன கைவினைப் பொருள் தொல்பொருள் கணக்குல வரும். அதை விக்கறதைத் தொழிலா பண்ண லைசென்ஸ் வேணும். "150 வருஷம் பழசு"ன்னு சொல்றவர்கிட்ட, "அப்போ லைசென்ஸ் இருக்கும்ல, அனுப்புங்க"ன்னு மெசேஜ் போட்டுப் பாருங்க. நகையோட வயசு டக்குனு குறைஞ்சிடும்.

சரி, இது இன்வெஸ்ட்மென்ட்டா?

என் பதில்: மாசச் சம்பளக்காரங்களுக்கு, இல்லை.

வெள்ளி ஏறும்னு தோணினா வெள்ளியையே வாங்குங்க. இடிஎஃப் இருக்கு, காயின் இருக்கு. ஆன்டிக் நகை வாங்கும்போது மூணு விஷயத்துக்குக் காசு குடுக்கறீங்க: வெள்ளி, கூலி, கதை. திருப்பி விக்கும்போது முதல் ஒண்ணுக்கு மட்டும்தான் ஊர்ல எல்லாக் கடையிலயும் விலை கிடைக்கும். அடகு வைக்கப் போனாலும் அதேதான். 2025 ஜூன்ல ரிசர்வ் பேங்க் கொண்டுவந்த விதிப்படி, நகைக்கடனுக்கு உள்ள இருக்கற தங்கம் வெள்ளியோட மதிப்பை மட்டும்தான் எடுக்கணும். கல்லுக்குக்கூட மதிப்பு சேர்க்கக்கூடாது. டெக்கேயா யோமுத்தான்னு பேங்க் மேனேஜர் கேக்கப்போறது இல்லை.

வாங்கும்போது 3% ஜிஎஸ்டி. லாபத்துல வித்தா, 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா 12.5% டாக்ஸ், அதுக்குள்ளன்னா உங்க ஸ்லாப்படி. இதெல்லாம் லாபம் வந்தாத்தான், அது வேற.

"சார், வெளிநாட்டுல கலெக்டர்ஸ் லட்சக்கணக்குல வாங்கறாங்களே?"ன்னு கேப்பீங்க. வாங்கறாங்க, உண்மைதான். ஆனா அவங்க வாங்கறது அஞ்சாவது விஷயத்தை. எங்க இருந்து வந்துச்சுன்னு முடிஞ்சவரைக்கும் தெரிஞ்ச நகை. அதைப் பாத்துச் சொல்ல முப்பது வருஷம் கண்ணைத் தேய்ச்சவங்க அவங்க. நாம ரீல்ஸ் பாத்து வாங்கறோம். ரெண்டும் ஒரே ஆட்டம் கிடையாது.

புடிச்சிருக்கா, வாங்குங்க. தாராளமா. டூர் போறதுக்கு, ஹெட்போன் வாங்கறதுக்கு வெச்சிருக்கற பட்ஜெட்ல இருந்து வாங்குங்க. எஸ்ஐபியை நிறுத்தி வாங்காதீங்க. வாங்கின அன்னிக்கே அதோட வெள்ளி விலையை மட்டும் உங்க நெட்வொர்த் ஷீட்ல எழுதுங்க. மீதி செலவு.

இப்போ நிஜமான விஷயத்துக்கு வர்றேன்

இதெல்லாம் படிச்சு முடிச்ச ஒரு ராத்திரி, அந்த அஞ்சு பாயின்ட்டை நோட்ல எழுதிட்டு இருந்தேன். அஞ்சாவது எழுதும்போது அப்பத்தா காப்பு ஞாபகம் வந்துச்சு. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அந்தக் காப்பு எங்கம்மா செஞ்சது?"

"அப்பத்தா கல்யாணத்துக்கு அவுக அப்பாரு அடிச்சுக் குடுத்தது. நம்மூரு ஆசாரிதான். அவரு பேரன் இன்னும் பஸ் ஸ்டாண்டு கிட்ட பட்டறை வெச்சிருக்காரே. கயிறு முறுக்குன மாதிரி இருக்கும், ரெண்டு முனையிலயும் மொட்டு. அந்த மொட்டு அவரு கை வேலை, வேற யாரும் அப்படிப் போடமாட்டாகன்னு அப்பத்தா சொல்லும். ஏன்டா கேக்குற?"

டிசைன் இருந்துச்சு. செஞ்ச கை தெரியும். அறுபது வருஷம் கால்ல கிடந்த தேய்மானம் இருந்துச்சு. உலோகம் நல்ல உலோகம். யார்கிட்ட இருந்து யார்கிட்ட வந்துச்சுன்னு ஒரு தலைமுறை விடாமத் தெரியும். அஞ்சுக்கு அஞ்சு. முன்ன பின்ன தெரியாத ஒருத்தரோட பாட்டி கதைக்கு 13,600 குடுத்தேன், அதுவும் பொய்க்கதை. எங்க வீட்டுப் பாட்டியோட நிஜக்கதையை எடைக்குப் போட்டேன், ஒரு நிமிஷ போன் கால்ல.

துர்க்மேன் குடும்பங்கள் அவங்க நகையை ஏன் வித்தாங்கன்னும் படிச்சேன். 1920, 30-கள்ல சோவியத் ஆட்சி ஆடு மாடு நிலமெல்லாம் கூட்டுப் பண்ணைக்கு எடுத்தப்போ நிறைய பேர் ஆப்கானிஸ்தானுக்கும் ஈரானுக்கும் ஓடினாங்க. 1979-க்கு அப்புறம் ஆப்கான் போர். அங்க இருந்தும் கிளம்பினவங்க கைல இருந்ததை பெஷாவர் பஜார்ல வித்தாங்க. அவங்களுக்கு அந்த நகைதான் எமர்ஜென்சி ஃபண்ட். கஷ்டத்துக்கு வித்தாங்க, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்லை. எங்க வீட்ல என்ன கஷ்டம்? பாப்பா கொலுசை நான் சம்பளத்துலயே வாங்கியிருக்கலாம்.

அதுக்காக, பழசை எல்லாம் கட்டிப்பிடிச்சுட்டு உக்காருங்கன்னு சொல்ல வரலை. கிரெடிட் கார்டுல 36%, 40% வட்டி ஓடுதுன்னா பீரோவுல இருக்கற வெள்ளியைப் போட்டுக் கடனை அடைங்க. அப்பத்தா இருந்திருந்தா அவங்களே அதைத்தான் சொல்லியிருப்பாங்க. நகை சேர்த்ததே அதுக்குத்தான். ஆனா 2025-ல வெள்ளி விலை ஏறின ஏற்றத்தைப் பாத்து, "நல்ல ரேட்டு, போட்டுடலாம்"னு வீடு வீடா எடுத்துட்டுப் போனாங்க. அவசரமே இல்லாம போட்டவங்கதான் அதுல நிறைய இருப்பாங்கன்னு நினைக்கறேன். நானும் ஒருத்தன்.

அதனால இந்த வார ஹோம்வொர்க். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அம்மா, ஆச்சி, அம்மாயி யாராவது பீரோவைத் திறக்கச் சொல்லுங்க. தண்டை, காப்பு, அரைமூடி, பழைய மெட்டி, எதுவா இருந்தாலும்:

- முன்பக்கம், பின்பக்கம், கொக்கி மூணையும் போட்டோ எடுங்க. பக்கத்துல ஒரு ஸ்கேல் வைங்க.
- எடை போட்டு எழுதுங்க.
- யார் செஞ்சது, யாருக்கு, எந்தக் கல்யாணத்துக்கு, அந்த டிசைனுக்கு வீட்ல என்ன பேர்னு கேட்டு, அவங்க குரல்லயே ரெக்கார்ட் பண்ணுங்க.
- பாலீஷ் போடாதீங்க. பிளீச், பேஸ்ட் எதுவும் வேண்டாம். அந்தக் கருப்பும் தேய்மானமும் சாட்சி.
- அதுக்கப்புறம் போடறதா வெச்சுக்கறதான்னு குடும்பமா உக்காந்து முடிவு பண்ணுங்க. ஒரு நிமிஷ போன் கால்ல வேண்டாம்.

போட்டே ஆகணும்னாலும், ரெண்டுல ஒண்ணையாவது வைங்க. ஜோடில ஒத்தை இருந்தாலும் கதை மிஞ்சும்.

எங்ககிட்ட இப்போ இருக்கறது சித்தப்பா கல்யாண ஆல்பத்துல ஒரு பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ. அப்பத்தா பந்தில உக்காந்திருக்காங்க, சேலை கொஞ்சம் தூக்கி, ஒரு கால்ல காப்பு தெரியுது. மொட்டு தெரியலை. ஜூம் பண்ணிப் பாத்துட்டேன்.

உங்க வீட்ல என்ன கிடைச்சுச்சு, அதுக்கு உங்க ஊர்ல என்ன பேர்னு கமெண்ட்ல எழுதுங்க. விலை கேக்கமாட்டேன். அடுத்த பதிவுல பாக்கலாம்.